ஒன்பது மணி மாத்திரை

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கையிலிருந்த கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் விழுந்ததைப் பார்த்தபடி நின்றாளே கடிகாரக்காரரின் மனைவி, அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? மாமியார் கதவைத் தட்டியதும் பட்டையைத் தாளில் சுற்றிக் குப்பையின் அடியில் திணித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெளியே வந்தாள். அன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

இன்னொரு குழந்தை என்பதற்காக அவள் பயப்படவில்லை. ஏழு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அடுத்தது என்றால் திண்டாட்டம்தான். திண்டாட்டத்துக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள். அவளுடைய பயமெல்லாம் மாத்திரையைப் பற்றி.

பிரசவமாகி ஒன்றரை மாதம் கழித்து, டாக்டர் எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரை. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். அப்படியென்றால், வயிற்றில் ஒரு உயிர் உருவான நாளிலிருந்து அதன் மேல் தினமும் ஒரு மாத்திரை போய் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குக் கை கால் ஒழுங்காக வருமா? அந்த மாத்திரை பால் வழியாகச் சுண்டெலிக்குள்ளும் போயிருக்குமே?

சுண்டெலி என்பது மகள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியதால் அப்பா வைத்த பெயர். இப்போது தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை போட்டுவிட்டது, பெயர் மட்டும் இளைத்தபடியே இருக்கிறது.

ராத்திரி போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு தேடினாள். ஒருவர் ஒன்றும் ஆகாது என்றார். அடுத்தவர் ஐயோ என்றார். மூன்றாமவர் எலிகளை வைத்து ஏதோ சோதனை செய்திருந்தார். ஐயோ என்றவரைத்தான் அவள் நம்பினாள். பயந்தவர்கள் எப்போதும் அவரைத்தானே நம்புவார்கள்.

விடிந்ததும் சுண்டெலி வாயைத் திறந்துகொண்டு மார்பைத் தேடியது. அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். கட்டிக்கொண்ட பாலைப் பீய்ச்சித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளையாகச் சுழன்று ஓடிப்போன பாலைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏம்மா, குழந்தை கையைச் சப்பிச் சப்பித் தோலே உரிஞ்சிடும் போல. உள்ள என்ன பண்றே?" மாமியாரின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது.

மாமியார் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன் படிக்கட்டில் நின்று பின் சீட்டுக்காரனை அதட்டிப் பழகிய தொண்டை. வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

"காம்புல வெடிப்பு வந்திருக்கு அத்தை. குடுத்தா உயிர் போகுது. இன்னைக்கு மட்டும் புட்டிப்பால் கரைச்சுக் குடுங்க."

"வெடிப்பா? காட்டு, பார்ப்போம்."

"ஐயோ, வேண்டாம் அத்தை."

"எனக்கு இல்லாதது என்னத்த வச்சிருக்கே நீ? சரி சரி, போ. நேத்து ராத்திரியும் இதையேதான் சொன்னே. இப்படி விட்டா பால் வத்திடும், சொல்லிட்டேன்."

பால் வற்றுவது என்றால் அத்தைக்குக் குலை நடுங்கும். மகனைப் பெற்ற சில நாட்களிலேயே யாரோ வாங்கிக் கொடுத்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டார். ஒரே வாரத்தில் பால் நின்றுபோனது. அந்தக் கடிகாரக்காரர் புட்டிப்பாலில் நோஞ்சானாக வளர்ந்தவர்தான். அதிலிருந்து அத்தையின் சட்டம் ஒன்றே ஒன்று: பால் கொடுக்கும் வரை தலைவலிக்குக்கூட மாத்திரை கூடாது.

அதனால்தான் மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டியிருந்தது. மாத்திரை அட்டையைப் பல் செட் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள். அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் பட்டறையில். மாதிரிப் பற்கள் கிடக்கும் டப்பா என்றால் அத்தை அருவருத்து அந்தப் பக்கமே வரமாட்டார்.

தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால்கூடப் பிடி விட்டுப்போகுமாம். கைபேசியில் மணி வைத்தால் "எதுக்கும்மா அது கத்துது?" என்று அத்தை கேட்பார். அதனால் அவள் வேறு ஒரு வழி வைத்திருந்தாள். கூடத்துச் சுவர்க்கடிகாரம் ராத்திரி ஒன்பது அடிக்கும். இருட்டு அறையில் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே எண்ணுவாள். ஒன்பதாவது மணி விழுந்ததும் மாத்திரை வாய்க்குள் போகும்.

பட்டறையில் அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெழுகைச் சூடாக்கி, அச்சின் மேல் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் பிசின் கலக்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியதும் குடலைப் பிரட்டியது. எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலாளி அவள் முடித்து வைத்த அச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இந்தப் பெரியவர் மேல உனக்கு ஏதாவது கோபமா?"

"ஏன் சார்?"

"கோரைப்பல்லை முன்னாடி நடுவுல வச்சிருக்கே. இதைப் போட்டுக்கிட்டு அவர் சிரிச்சா பேரப்பிள்ளைங்க வீட்டை விட்டே ஓடிடும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அடிவயிற்றில் வலதுபக்கம் சுருக்கென்று குத்தியது. முந்தாநாளிலிருந்தே இப்படித்தான் விட்டுவிட்டு வலிக்கிறது. காலையில் உள்ளாடையில் துளி ரத்தக்கறையும் இருந்தது. மாத்திரை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது, உள்ளே இருக்கிற பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா. முகம் வெளிறிக் கிடக்கு," என்றார் முதலாளி, இந்தமுறை கேலி இல்லாமல்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதே தெருக்கோடியில் இருந்த கணவரின் கடைக்குப் போனாள்.

கடை என்றால் ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடம். மூன்று பக்கமும் கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு. வலது கண்ணில் லென்ஸை இடுக்கியபடி குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன பல்லு டாக்டர், இந்த நேரத்துல?" செல்லப் பெயர் அது.

"எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குங்க. நேத்துப் பார்த்தேன். ரெண்டு கோடு."

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் அவர் முகம் கொஞ்ச நேரம் தடுமாறியது.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஒரு நாள் விடலையே! அதுதான் எனக்கு ஈரக்குலை நடுங்குது. வயித்துல பிள்ளை இருக்கிறது தெரியாம தினமும் முழுங்கியிருக்கேன். சுண்டெலிக்குப் பாலும் குடுத்திருக்கேன். ரெண்டு பிள்ளைங்களுக்கும் என் கையாலேயே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரு, இரு. நேரம் தவறாம சாப்பிட்டியா? டாக்டர் அதைத்தானே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க."

"நேரம் எப்படித் தவறும்? கூடத்துக் கடிகாரம் ஒன்பது அடிச்சதும் போட்டுக்குவேன்."

"எந்தக் கடிகாரம்?"

"நீங்க கொண்டுவந்து மாட்டினீங்களே, பித்தளை ஊசல் ஆடுமே, அதுதான்."

 பேயறைந்தவர் மாதிரி அவளையே பார்த்தார்.

"அது வாடிக்கையாளரோட கடிகாரம். அதுல முள்ளு ஒரு நேரம் காட்டும், மணி வேற நேரம் அடிக்கும். அந்தக் கோளாறைப் பிடிக்கத்தானே வீட்டுல மாட்டினேன்!"

"என்ன சொல்றீங்க?"

"முள்ளுக்கும் மணிக்கும் தனித்தனிப் பல்சக்கரம். நான் சரிபண்ணி வைப்பேன், ரெண்டு நாள்ல மறுபடி நழுவிடும். ஏழு மணிக்கு ஒன்பது அடிச்சிருக்கும். நடுராத்திரியிலயும் ஒன்பது அடிச்சிருக்கும். நீ முள்ளைப் பார்க்கவே இல்லையா?"

"இருட்டு ரூம்ல குழந்தையோட கிடக்கிறவ முள்ளை எங்கங்க பார்ப்பேன்? காதுலதான் கேட்பேன்."

சுற்றிலும் அத்தனை கடிகாரமும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரிசெய்து கொடுக்கிற வீட்டில் ஒருத்திக்குச் சரியான நேரம் சொல்ல ஒரு கடிகாரம் இல்லாமல் போய்விட்டது. அவர் எழுந்தார், கடையின் கதவை இழுத்துப் பூட்டினார். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா வயதானவர், அவசரப்படாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவள் மாத்திரையைப் பற்றித்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை அழுதாள்.

"முதல்ல அழுகையை நிறுத்து. இந்த மாத்திரையைக் கர்ப்பம்னு தெரியாம சாப்பிட்டவங்க எத்தனையோ பேர். அதனால பிள்ளைக்குக் குறை வந்ததா ஆதாரம் இல்ல. கர்ப்பம்னு தெரிஞ்சதும் நிறுத்தணும், அவ்வளவுதான்."

"அப்போ பால்?"

"பால்ல போறது ரொம்பக் கொஞ்சம். குழந்தைக்குக் கெடுதல் இல்ல. பால் குடுக்கிறவங்களுக்கு ஏத்ததுன்னுதானே இதைக் குடுக்கறோம்."

"எங்க அத்தைக்கு மாத்திரையாலதான் பால் வத்திப்போச்சாம்."

"அவங்க சாப்பிட்டது ரெண்டு ஹார்மோன் சேர்ந்ததா இருந்திருக்கும். பிரசவமான புதுசுல அதைச் சாப்பிட்டா பால் குறையலாம். அதனாலதான் அப்போ அதைக் குடுக்கிறதில்ல. உன்னோடது ஒரே ஹார்மோன். வேற சங்கதி."

ராத்திரியிலிருந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. கொட்டிய பாலையெல்லாம் நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சுண்டெலியை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுந்தேவிட்டாள்.

"உட்காரு. வலி ஏதாவது இருக்கா?"

"வலது பக்கம் கொஞ்சம் குத்துது டாக்டர். காலையில துளி ரத்தம்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

ஸ்கேன் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. டாக்டரம்மாவே உட்கார்ந்து பார்த்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சுண்டெலியை முதல்முறை பார்த்தபோது "இதோ, துடிக்குது பாரு" என்று திரையைத் திருப்பிக் காட்டியவர் அவர். இன்று திரையைத் திருப்பவில்லை.

"கர்ப்பப்பை காலியா இருக்கு. கரு வலதுபக்கக் குழாயிலேயே தங்கிடுச்சு. அங்க அது வளர முடியாதும்மா. விட்டா குழாய் வெடிச்சிடும். உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும். உயிருக்கே ஆபத்து."

"மாத்திரையாலயா?" என்றாள் அவள்.

"மாத்திரை தடுக்கத்தான் பார்த்துச்சு. நேரம் தவறினதுல கோட்டை விட்டுடுச்சு. ஆனா இந்த மாத்திரையை மீறித் தங்குற கரு சிலருக்கு இப்படிக் குழாயில நின்னுடறது உண்டு. அதனாலதான் வலின்னா உடனே வரணும்."

அப்படியானால் ராத்திரியெல்லாம் அவள் யாருக்காக அழுதாளோ, அந்தப் பிள்ளைக்குக் கை கால் வருமா என்ற கேள்விக்கே இடமில்லை. அது பிறக்கப்போவதில்லை. அதற்காக அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். சின்னதா, வெடிக்காம இருந்தா ஊசியிலேயே கரைச்சிடலாம். இல்லன்னா துளை போட்டு ஆபரேஷன். அந்தக் குழாயை எடுக்க வேண்டியிருக்கும்."

"ஊசியே போட்டுடுங்க டாக்டர்," என்றார் கடிகாரக்காரர் பட்டென்று. கத்தி என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

"ஊசின்னா ஒரு விஷயம் இருக்கு. அது கடுமையான மருந்து. பால்ல போகும். போட்டா குழந்தைக்குப் பால் குடுக்கிறதை நிறுத்தணும்."

அவள் டாக்டரம்மாவையே பார்த்தாள். கெடுதல் இல்லாத பாலை நேற்றிலிருந்து சாக்கடையில் கொட்டியாகிவிட்டது. இப்போது நிஜமாகவே கெடுக்கிற மருந்து வந்து வாசலில் நிற்கிறது.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாம். வரச்சொல்லு குழந்தையை."

கணவர் கைபேசியை எடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மென்று முழுங்கி, எல்லாவற்றையும் தானே சொன்னாள். மாத்திரை, பல் செட் டப்பா, வெடிப்பு என்று சொன்ன பொய், குழாய், பாலைக் கெடுக்கிற ஊசி.  தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள்.

"அத்தை?"

"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார் மாமியார்.

வாடகைக் காரில் வந்து இறங்கியவர் நேராக அவளைச் சேர்த்திருந்த வார்டுக் கட்டிலுக்கு வந்தார். இடுப்பில் சுண்டெலி, தோளில் பை, கால்களில் ஜோடி மாறிய செருப்பு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தச் சொல்லியிருப்பீங்க அத்தை."

"ஆமா, சொல்லியிருப்பேன்," என்றார் அத்தை. அவருக்குப் பொய் சொல்ல வராது. குழந்தையை அவள் மடியில் போட்டார். "முதல்ல இவளைப் பாரு."

சுண்டெலி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு ராத்திரி, ஒரு பகல் ஏமாந்த கோபம்.  "வாடா தங்கம், அம்மாடா" என்று கெஞ்சினாள். கன்னத்தில் ஒரு துளி பால் பட்டதும் குழந்தை திரும்பியது. கவ்விக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது.

"ஆபரேஷனே பண்ணிக்கிறேன் அத்தை. பாலை நிறுத்த என்னால ஆகாது."

"யாரு உன்னை நிறுத்தக்கூடாதுன்னது?"

"நீங்கதானே. பால் வத்தினா பிள்ளை நோஞ்சானாயிடும்னு தினமும் சொல்வீங்க."

"சொன்னேன். ஆயிரம் சொல்லுவேன். அந்த நோஞ்சான்தான் அங்க நிக்கிறான், பாரு, நல்லாத்தானே இருக்கான்?" அத்தை அவள் தலையைத் தடவினார். "பால் போனா கடையில வேற பால் இருக்கு. உன்னை எந்தக் கடையில போய் வாங்குவேன்? டாக்டர் எது நல்லதுன்னு சொல்றாங்களோ அதைப் பண்ணிக்கோ. பாலைப் பார்க்காதே."

அவள் அழுதாள். அத்தையும் அழுதார். கடிகாரக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தையைத் தாங்கியிருந்த தோள் விண்விண்ணென்று தெறித்தது. ரொம்ப நேரம் ஒரே பக்கம் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றால் கை ஏனோ கனத்தது. அறை மெல்லச் சாய்கிற மாதிரி இருந்தது.

"அத்தை, இவளைக் கொஞ்சம் பிடிங்களேன். தோள் ரொம்ப வலிக்குது."

ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்த நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க? தோளா வலிக்குது?" மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர் அடுத்த நொடி வாசலுக்கு ஓடினார். "டாக்டர்! டாக்டர்!"

டாக்டரம்மா ஓடி வந்தார். அதுவரை ஒருமுறைகூட அவசரப்படாதவர்.

"வெடிச்சிருச்சு. உள்ள போற ரத்தம்தான் தோள்ல வலியா தெரியுது. ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தியேட்டரைத் தயார் பண்ணுங்க. ரத்தம் எடுத்து வைங்க. குழந்தையை வாங்குங்கம்மா!"

அத்தை குழந்தையை இழுத்தெடுத்தார். சுண்டெலி வீறிட்டது. குடித்து முடிக்கவில்லை அது. கட்டில் நகர ஆரம்பித்தது. அவள் காதுக்கு எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. கையை நீட்டி அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, பயமா இருக்கு."

ஒன்றும் ஆகாது, தைரியமா போ என்று எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அத்தை சொல்வார் என்றுதான் காத்திருந்தாள். அத்தை கூடவே ஓடி வந்தார். கதவு வரை வந்தார். 

"எனக்கும்தாம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கதவு மூடியது.